நீளக்காதும் நூறு கடல் நாளும்

பிரான்சுக்கு நான் நான்கு தடவை புறப்பட்டேன்.

முதல் தடவை எங்கள் வைத்திக்குப்பத்துத் தெருமுனைவரை போனேன். குழாயடியில் குடத்தோடு நின்ற மல்லிகா அக்கா, "எங்கடா, பொட்டியெல்லாம் தூக்கினு போற?" என்று கேட்டுவிட்டாள். பின்னால் வந்துகொண்டிருந்த அம்மா என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள். கடலுக்கோ வெளியூருக்கோ கிளம்புகிறவனிடம் எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால், எங்கள் குப்பத்தில் அந்தப் பயணம் அதோடு சரி. வீட்டுக்குத் திரும்ப வேண்டும், உட்கார வேண்டும், ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க வேண்டும், மறுபடி முதலிலிருந்து கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் போன காரியம் விளங்காது.

"ஏண்டி, இவன் எங்க போறான்னு ஊருக்கே தெரியும். ஒனக்கு மட்டும் தெரியாதா?" என்று அம்மா கத்தினாள்.

"தெரியும்க்கா. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது, நான் இன்னா பண்ணட்டும்?"

இரண்டாம் தடவை, வலைப் பொத்தல் தைத்துக்கொண்டிருந்த என் தாய்மாமா கேட்டார். கேட்டதும் அவரே தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாம் தடவை முத்தியால்பேட்டை மணிக்கூண்டுவரை போய்விட்டோம். அங்கே ஆட்டோக்காரர் கேட்டார். எங்கே போகணும் என்று கேட்காமல் ஆட்டோக்காரர் எப்படி வண்டி ஓட்டுவார்? அம்மாவிடம் அந்த நியாயமெல்லாம் எடுபடவில்லை. திரும்பி வந்து மூன்றாவது சொம்பைக் குடித்தேன்.

நான்காம் தடவை அம்மா எனக்கு முன்னால் போனாள். "எம்புள்ள வர்றான், யாரும் வாயத் தெறக்காதீங்க!" என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டே போனாள். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. மல்லிகா அக்கா முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். நான் வயிறு நிறையத் தண்ணீரோடு, ராஜா மாதிரி நடந்து போனேன்.

சென்னை பஸ்ஸில் ஏறியபோது அம்மா சொன்னது ஒன்றுதான். "இத்தையாவது முடிச்சுட்டு வா. பாதியில வந்தியானா கதவு தெறக்காது, சொல்லிட்டேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் எதையும் முடித்தவன் இல்லை. பிளஸ் டூ பாதி, ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பாதி. பிறகு அந்தமானில் எட்டு மாதம், முனம்பத்தில் விசைப்படகில் ஒன்றரை வருடம், ரத்னகிரியில் ஒரு மழைக்காலம். ஐஸ் பெட்டிமேல் தூங்கியிருக்கிறேன். பிஸ்கட்டிலேயே மூன்று நாள் ஓட்டியிருக்கிறேன். இடது கைச் சுண்டுவிரல் நுனி ரத்னகிரியில் வலை இழுக்கும் ஒரு வின்சுக்குள் போனது, இன்னும் அங்கேதான் இருக்கும். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. ஓர் இடம் பழகியதும் கால் அரிக்கும், அதுதான் என் வியாதி.

ஊருக்கு வந்து, பிரெஞ்சுக்காரர்கள் வந்துபோகும் ஒயிட் டவுனில் ஓர் ஓட்டலில் சர்வராக இருந்தபோது பிரெஞ்சு ஒட்டிக்கொண்டது. முழுப் பிரெஞ்சு இல்லை, மெனு பிரெஞ்சு. எலுமிச்சை வெண்ணெயில் வறுத்த மீன், கடுகுச் சாற்றில் வெந்த முயல், இன்றைய சூப். மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருவனை ஒரு வருடம் பிரான்சுக்கு அழைத்துப் போய்ச் சிறு படகு ஓட்டவும், இயந்திரம் பார்க்கவும் சொல்லித்தரும் உதவித்தொகை ஒன்று இருப்பதாக மாமா சொன்னார். நேர்முகத்தில் இருந்த மதாம், எதற்காக அங்கே வர ஆசைப்படுகிறாய் என்று பிரெஞ்சில் கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "மதாம், இன்று காலையில் பிடித்த மீன் இருக்கிறது, மிக நன்றாக இருக்கும்" என்றேன். அவர் சிரித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இடம் கிடைத்துவிட்டது.

கூடவே நீல அட்டை போட்ட ஒரு புத்தகமும் கிடைத்தது. கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் படகின் தலைவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நூறு கையெழுத்துச் சேர்ந்தால் சான்றிதழ். அது இருந்தால் எங்கள் துறைமுகத்தில் படகு இயந்திரங்களைப் பார்க்கிற வேலை எனக்குக் காத்திருந்தது. ஒன்று குறைந்தாலும் தொண்ணூற்றொன்பதும் பூஜ்யமும் ஒன்றுதான்.

பாரீசில் ஏறிய ரயிலில் எதிர்ச் சீட்டில் ஒரு கிழவியும் ஒரு நாயும். டிக்கெட் பார்க்க வந்தவர் என்னுடையதைப் பார்த்தார், கிழவியுடையதைப் பார்த்தார், நாயுடையதையும் வாங்கிப் பார்த்தார். நாய்க்குத் தனி டிக்கெட். அதைப் பார்த்த சந்தோஷத்தில், அவர் என்னிடம் சொன்னதைச் சரியாகக் கவனிக்கவில்லை. தூங்கிப்போனேன். ரென் என்ற ஊரில் அந்த ரயில் இரண்டாகப் பிரியுமாம். முன்பாதி ஒரு கடற்கரைக்கு, பின்பாதி இன்னொரு கடற்கரைக்கு. எழுந்தபோது கிழவி என் டிக்கெட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். "தம்பி, நீ தப்பான பாதியில உக்காந்திருக்க." நாய் சரியான பாதியில் இருந்தது.

அவர்கள் பேசிய பிரெஞ்சை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். என் மண்டைக்குள் அப்படித்தான் கேட்டது.

இரண்டு ரயில் மாறி மேற்குக் கோடியில் இருந்த அந்தச் சின்னத் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. என்னைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட படகுத் தலைவர் லொயிக் ஸ்டேஷன் வாசலில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். கதவு மாதிரி அகலம். நான் நடந்ததைச் சொன்னதும், "பாதியிலயே போயிட்டியா?" என்றார். அம்மா போன் பண்ணிச் சொல்லியிருப்பாளோ என்று ஒரு நொடி சந்தேகப்பட்டேன்.

அவருடைய அக்கா ஒதில் வீட்டு மாடியில் எனக்கு அறை. ஒதிலுக்குத் துறைமுகத்து மீன் ஏலக் கூடத்தில் வேலை. அந்த இரவு கறுப்பு மாவில் தோசை சுட்டு, உள்ளே முட்டையை உடைத்து ஊற்றி, உப்பு வெண்ணெய் போட்டுத் தந்தார். சட்னி எங்கே என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

விடிந்ததும் ஜன்னலைத் திறந்தேன். கடலைக் காணோம்.

முந்தின இரவு படுக்கும்போது தண்ணீர் இருந்த இடத்தில் சேறு. படகெல்லாம் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர் இல்லை. சுனாமி அன்று எனக்கு ஐந்து வயது. கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போன என்னை அம்மா தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு முத்தியால்பேட்டைவரை ஓடினாள். எங்களுக்குக் கட்டுமரமும் சமையலறைச் சுவரும் என் பள்ளிக்கூடப் பையும் போயின. கட்டுமரமும் சுவரும் எப்படியோ திரும்ப வந்தன, பைதான் வரவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவாள்.

யோசிக்கவில்லை. கட்டிய லுங்கியோடு கீழே பாய்ந்து, காபிக் கிண்ணத்தோடு நின்ற ஒதிலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மாதா கோவில் மேட்டை நோக்கி ஓடினேன். "கடல் போயிடுச்சி! எல்லாரும் மேல ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பாதி தமிழ், பாதி மெனு. ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்தார். மேட்டுக்குப் பாதியில் ஒதில் மூச்சு வாங்க நின்றார். கிண்ணத்தில் காபி ஒரு சொட்டு இல்லை.

"மத்தியானம் திரும்பி வந்துடும்பா," என்றார்.

"எவ்ளோ பெருசா?"

"தெனம் வர்ற மாதிரிதான்."

அங்கே கடல் தினம் இரண்டு தடவை போய்விட்டு வருமாம். நம் ஊர்க் கடல் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். இந்தக் கடலுக்கு என்னைப் போலவே கால் அரிப்பு. ஊர் முழுக்க ஒரு வாரம் சிரித்தது. லொயிக் மட்டும் சிரிக்கவில்லை. ஏற்ற வற்றம் எத்தனை மணிக்கு என்று அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்றை என் கையில் வைத்தார். "பயந்தது தப்பில்ல. தனியா ஓடாம ஒதில இழுத்துக்கினு ஓடுன பாரு, அது போதும் எனக்கு," என்றார்.

வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு, மற்ற நாள் படகு. வகுப்பில் எல்லாரும் பதினெட்டு வயசுப் பசங்கள், நான் ஒருவன் இருபத்தாறு. முதல் மாதம் கரும்பலகையைப் பார்த்தாலே ஐ.டி.ஐ. ஞாபகம் வந்து கண் வாசலைத் தேடியது. ஆனால் ஏற்ற வற்றக் கணக்கு பிடிபட்டுவிட்டது. ஓடிப்போகிற கடலை எத்தனை மணிக்குத் திரும்பும் என்று காகிதத்தில் பிடிக்கிற வித்தை அது. பிளஸ் டூ வாத்தியார் பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் செக்கச்சிவந்த ரப்பர் உடுப்பை மாட்டிக் குளிர்ந்த தண்ணீரில் குதிக்கச் சொன்னார்கள். உயிர் காக்கும் பயிற்சி. நான் வைத்திக்குப்பத்துப் பாறைகளிலிருந்து குதித்து நீச்சல் படித்தவன், அலட்சியமாகக் குதித்தேன். மேலே வந்தபோது "அம்மா" என்று கத்திய சத்தத்தில் வகுப்பே பயந்துவிட்டது. மறுநாளிலிருந்து எல்லாப் பசங்களும் "அம்மா" என்று கத்திக்கொண்டுதான் குதித்தார்கள்.

படகில் நாங்கள் மூன்று பேர். லொயிக், எர்வே, நான். எர்வே மெலிந்த மனிதர், வேலையில் புலி, வாய் ஓயாது. நாக்கு மீன், திருக்கை, எட்டுக்கால் பூச்சி மாதிரிக் காலை விரித்த நண்டு எல்லாம் வரும். ஜனவரிக் காற்று காதைக் கத்தி மாதிரி சீவும். விரல் மரத்துப்போய் முடிச்சு அவிழ்க்க வராது, பல்லால் அவிழ்ப்பேன். சுண்டுவிரல் நுனி இல்லாததில் ஒரு லாபம், குளிர அங்கே ஒன்றும் இல்லை. சாயந்திரம் கரையேறியதும் லொயிக் நீலப் புத்தகத்தில் ஒரு கையெழுத்துக் கிறுக்குவார். ஐம்பத்திரண்டு சேர்ந்தது. என் வாழ்க்கையில் எதிலும் நான் பாதியைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

அப்போதுதான் பொங்கல் வந்தது.

பொங்கலுக்கு மறுநாளைக்கு மறுநாள், கரிநாளில், அம்மா வளர்ப்பு முயல் வாங்கி மிளகு தூக்கலாகக் குழம்பு வைப்பாள். அன்று காலை ஊர்ச் சந்தையில், உள்நாட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு விவசாயப் பெண் கடையில் அழகாக முயல் தொங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒதில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சமையலறை என் ராஜ்ஜியம். வெங்காயமும் பூண்டும் வதக்கி, அம்மா அரைத்துக் கொடுத்த குழம்புத் தூளைப் போட்டு, வீடே தும்முகிற மாதிரி வைத்தேன். எர்வே ரொம்ப நாளாக, "ஒங்க ஊரு சாப்பாடு எப்பதான் கண்ணுல காட்டுவ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் நாலு அடுக்கு டிபன் கேரியரில் போட்டுப் படகுக்கு எடுத்துப் போனேன்.

முதல் வலை இழுத்து முடித்ததும், இயந்திரத்தின் மேல் வைத்துச் சூடு பண்ணிய கேரியரைத் திறந்தேன். ஆவி பறந்தது. எர்வே ரொட்டியைத் தொட்டுத் தொட்டுத் தின்றார். கண்ணில் தண்ணீர் ஓடியது, கை நிற்கவில்லை. லொயிக்கூட இரண்டாவது தடவை வாங்கினார்.

"சொர்க்கம்டா இது! கோழியா?" என்றார் எர்வே.

இயந்திரச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று, நெஞ்சை நிமிர்த்தி, ஓட்டல் மேனேஜர் மெச்சிய உச்சரிப்பில், உரக்கச் சொன்னேன். "முயல்!"

எர்வே வாயில் இருந்ததைத் துப்பினார். லொயிக் இயந்திரத்தை நிறுத்தினார். கடலில் அத்தனை அமைதியை நான் கேட்டதில்லை. அவர் எழுந்து வந்து, அடுக்கை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் விட்டார். அம்மாவின் கல்யாணச் சீர் அந்தக் கேரியர். நாலு அடுக்கும் நாலு வாத்து மாதிரி வரிசையாக மிதந்து போயின.

இரண்டாவது வலை பாறையில் மாட்டி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கிழிந்தது. கரைக்கு வந்ததும் லொயிக் புத்தகத்தில் கையெழுத்துப் போடவில்லை. "நாளைக்கு வராத," என்றார்.

ஒதில் திரும்பி வந்து மிச்சக் குழம்பைப் பார்த்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சூடு பண்ணி இரண்டு தட்டு சாப்பிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"தரையில தின்னலாம்," என்றார். "தண்ணியில கொண்டு போவக் கூடாது, பேரும் சொல்லக் கூடாது. அந்தக் காலத்துல கப்பல்ல உயிரோட ஏத்திட்டுப் போவாங்களாம். கயித்தக் கடிச்சி, கட்டையக் கடிச்சி, கப்பல முழுவடிச்சிடுமாம். அதனால, நீளக்காதுன்னு சொல்லுவோம்."

"நாலு மாசமா இத யாருமே எங்கிட்ட சொல்லலயே?"

"எப்டிப்பா சொல்றது? அந்தப் பேர சொல்லாதன்னு சொல்லணும்னா அந்தப் பேர சொல்லணுமே!"

அடுத்த இரண்டு மாதம் தரையில் கிடந்தேன். ஐந்து படகுகளில் போய்க் கேட்டேன். ஐவரும் மரியாதையாகத் தலையாட்டி மறுத்தார்கள். காபிக் கடைக்குள் நுழைந்தால் யாராவது தலைக்கு மேல் இரண்டு விரலை நீட்டி ஆட்டுவார்கள், காது மாதிரி. கடையே குலுங்கும். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்ய? மீன் பெட்டி கழுவினேன். கிழிந்த அந்த வலையை நானே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன். லொயிக் வாங்கிக்கொண்டு, தையலை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். மார்ச் முடிவதற்குள் படகு கிடைக்காவிட்டால் பயிற்சியை நிறுத்தித் திரும்பும் டிக்கெட் அனுப்பிவிடுவோம் என்று கடிதம் வந்தது.

மூன்று தடவை பெட்டி கட்டினேன். பழக்கமான கை, ஐந்து நிமிடத்தில் கட்டிவிடும். ஒவ்வொரு தடவையும் எங்கள் வீட்டுக் கதவு கண்முன் வந்தது. பிரித்து வைத்தேன்.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டே பேசினாள்.

"கரிநாள் கறியையா கடல்ல போட்டான்? கேரியரையுமா?"

"ஆமாம்மா."

"நீ இன்னாத்துக்கு பெருமையா கத்துன? தின்னுட்டு கம்முனு இருக்க வேண்டியதுதான? எத்தன நாளு ஆச்சி?"

"அம்பத்திரண்டு."

"மீதி?"

"நாப்பத்தெட்டு."

"அப்ப நாப்பத்தெட்டும் ஆன பொறவு போன் பண்ணு." போனை வைத்துவிட்டாள்.

மார்ச் நடுவில் ஒரு விடியற்காலை லொயிக் வந்து கதவைத் தட்டினார். வேண்டா வெறுப்பான முகம். "எர்வேக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சி. வேற ஆள் இல்ல. தண்ணி வத்துது, பத்து நிமிஷம்தான். வா. வாயத் தெறக்காம வா." சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஏலக் கூட வாசலில் ஒதில் மீன் பெட்டிகளுக்குக் குழாய்த் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு நாளும் நான் அந்த வழியாகத்தான் போனேன். லொயிக்கோடு போகிறேன் என்று அவருக்குத் தெரியும், கேட்க என்ன இருக்கிறது? அன்று இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் படகில் போடும் ரப்பர்ச் சட்டையோடு ஓடுவதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம்.

"எங்கப்பா போற?" என்றார்.

நின்றுவிட்டேன். படகு முப்பது அடி தூரத்தில். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. லொயிக் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகடியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சான்றிதழ் போனால் போகட்டும் என்று அந்த நேரத்தில் நினைத்ததாகப் பெருமையாக எழுதலாம். நான் ஒன்றும் நினைக்கவில்லை. கால் தானாகத் திரும்பிவிட்டது.

வீட்டுக்கு ஓடினேன். மாடிப்படி ஏறிக் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன். மறுபடி ஓடினேன். ஒதில் குழாயைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார், தண்ணீர் அவர் பூட்ஸுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

லொயிக் கத்திய கத்தலில் கடற்காக்கைகள் கிளம்பின. "என்னத்த மறந்து தொலைச்ச?"

"ஒண்ணும் மறக்கல."

"அப்பறம் இன்னாத்துக்கு ஓடுன?"

சொன்னேன். கடலுக்குக் கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, கேட்டுவிட்டால் திரும்பணும், உட்காரணும், தண்ணீர் குடிக்கணும், இல்லாவிட்டால் மீன் கிடைக்காது என்று சொன்னேன்.

அவர் கயிற்றை மெதுவாகக் கீழே வைத்தார். புது இயந்திரத்தைப் பற்றி விசாரிக்கிற குரலில் கேட்டார். "யார் கேட்டாலும் திரும்பணுமா?"

"யார் கேட்டாலும்."

"உக்காந்தே தீரணுமா? நின்னுக்கினே தண்ணி குடிச்சா?"

"ஆவாது."

"காபி?"

"தண்ணிதான்."

லொயிக் வற்றுகிற தண்ணீரைக் கையால் காட்டினார். "இங்க நான் தண்ணி வத்துதுன்னு நிக்கிறேன். நீ என்னான்னா உக்காந்து தண்ணி குடிக்கப் போற." அந்த முகத்தில் நான் முதல் தடவையாகச் சிரிப்பு பார்த்தேன். "எதுக்கும் அடங்காதவன்னு நெனச்சேன்டா ஒன்ன. அப்டிப்பட்டவன படகுல ஏத்த எனக்கு பயம். ஒனக்கும் ஒண்ணு இருக்குன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"ஒங்களுக்கும் ஒண்ணு இருக்குன்னு நீங்களும் சொல்லியிருக்கலாமே?"

"எப்டிச் சொல்றது?" என்றார், உண்மையான வருத்தத்தோடு. பிறகு கரையைப் பார்த்து ஒரு முழக்கம். "ஒதில்! இனிமே இவன எங்க போறன்னு கேட்ட, நடக்கறதே வேற!"

படகடி சேற்றை உரசிக்கொண்டுதான் வெளியே போனோம். அன்று நாக்கு மீன் பெட்டி பெட்டியாக வந்தது. என் தண்ணீரால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. லொயிக் சொன்னார், துறைமுகம் முழுக்க.

அதற்குப் பிறகு நான் கடலுக்குக் கிளம்பினால் அந்தத் துறைமுகமே வாயை மூடிக்கொள்ளும். ரொட்டிக் கடைக்காரர் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொள்வார். ஒதில் என்னைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொள்வார். கை சரியான எர்வே படகுக்குத் திரும்பியபிறகும் லொயிக் என்னை இறக்கிவிடவில்லை. எர்வே ஒருநாள் வேண்டுமென்றே, "எங்க..." என்று ஆரம்பித்து, லொயிக் முறைத்ததும், "...ஊர்ல இன்னிக்கி நல்ல வெயில்," என்று முடித்தார். இந்த ஐரோப்பாவுக்கும் வைத்திக்குப்பத்துக்கும் நடுவில் எத்தனை கடல் என்று வகுப்பில் படித்தேன். அந்த நாட்களில் ஒரு தெருதான் இருப்பதாகப்பட்டது.

ஜூன் கடைசியில் நூறாவது கையெழுத்து விழுந்தது. லொயிக் பேனாவை மூடிவிட்டு, புதிதாக வாங்கிய நாலு அடுக்கு டிபன் கேரியர் ஒன்றை என்னிடம் நீட்டினார். எங்கே தேடிப் பிடித்தாரோ தெரியவில்லை. "ஒங்கம்மாக்கிட்ட குடு. மன்னிக்கச் சொல்லு. உள்ள என்ன வெச்சாலும் எங்கிட்ட பேரச் சொல்லாத."

லொயிக், எர்வே, ஒதில் மூவரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ரயில் நின்றது, பெட்டியைத் தூக்கினேன். டிக்கெட்காரர் சிரித்த முகமாக, "எங்க போறீங்க மிசியே?" என்றார். மூன்று பேரும் ஒரே குரலில் ஐயோ என்றார்கள். எர்வே என்னைப் பெஞ்சுக்கு இழுத்து உட்காரவைத்தார், ஒதில் பாட்டிலை வாயில் சாய்த்தார், லொயிக் ஒரு காலை ரயில் படியில் வைத்துக் கதவை மறித்துக்கொண்டார். சட்டையெல்லாம் தண்ணீரோடு ஏறினேன். இந்தத் தடவை சரியான பாதி.

வைத்திக்குப்பம் வந்து சேர்ந்தபோது நல்ல உச்சி வெயில். அம்மா வாசலை மறித்து நின்றாள். "முடிச்சியா?" என்றாள். நீலப் புத்தகத்தை நீட்டினேன். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, கையெழுத்து தெரியும். மீன் வெட்டிய விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். எண்பதைத் தாண்டும்போது மல்லிகா அக்கா குறுக்கே வந்து, "புள்ள எளச்சிட்டானேக்கா!" என்றாள். கணக்குத் தவறியது. அம்மா மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். நான் பெட்டியோடு வெயிலில் நின்றேன். ஒரு வருடம் நின்றவனுக்கு இது ஒரு நிற்பா?

"நூறு," என்றாள். கதவு திறந்தது. உள்ளேயிருந்து மிளகு வாசனை வந்தது.

"முயலு வாங்கியாந்தேன்டா. கரிநாளுக்குத்தான் தின்னாம போயிட்ட."

 மறுநாள் காலையில் மாமா படகில் இயந்திரம் பார்க்கப் போக வேண்டும், என் முதல் வேலை. "அம்மா, அந்தப் பேர சொல்லாத. நீளக்காதுன்னு சொல்லு," என்றேன். ஏன் என்று சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி கவனமாகக் கேட்டாள். "சொன்னா வல கிழியுமா?" "கிழிஞ்சிதே." "சரி," என்றாள். இரண்டு தட்டு சாப்பிட்டேன், தரையில் உட்கார்ந்து.

மறுநாள் விடிகாலை அம்மா எனக்கு முன்னால் தெருவில் இறங்கினாள்.

"எம்புள்ள வர்றான்! யாரும் எங்க போறன்னு கேக்காதீங்க! அப்பறம், அந்தப் பேரையும் யாரும் சொல்லக் கூடாது!"

குழாயடியில் மல்லிகா அக்கா வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். "எந்தப் பேருக்கா?"

"அதான்டி, அந்த..." அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். வேறு வழி தெரியாமல் தலைக்கு மேல் இரண்டு விரலை நீட்டி ஆட்டிக் காட்டினாள்.

மல்லிகா அக்கா முகம் மலர்ந்தது. "ஓ, முயலா?" என்றாள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

அம்மா விரல்களைக் கீழே இறக்கினாள். மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"உள்ள போ. உக்காரு. தண்ணி குடி."